முதுகோடு பேசியவள்

"அதைப் பிடுங்காதடா, முறைப்பாரு" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிளக்கில் கை வைத்திருந்த தம்பி திரும்பிப் பார்த்தான். முறைக்க வேண்டிய மனிதர் உள்ளறைக் கட்டிலில், காலையில் டாக்டர் பார்த்துவிட்டுப் போனபோது இருந்தபடியே கிடந்தார்.

"மாமாவை ஹாலுக்குக் கொண்டு வரணும்லக்கா. இந்த மேஜை இருந்தா இடம் பத்தாது."

"இரு, நானே கழட்டுறேன்."

மேஜைமேல் அவர் பாட்டுக் கேட்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. நான்கு கண்ணாடிக் குழாய்கள். போட்டால் தணல் மாதிரி உள்ளே சிவக்கும். அவள் ஹெட்ஃபோன் ஒயரை உருவிச் சுற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவர் பல் செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேருக்குப் பேசவும் மெல்லவும் பல் செய்து கொடுத்த மனுஷன், வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டார். பகலெல்லாம் பல்லை ராவுகிற மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவளுக்கு மிஞ்சியது அந்த முதுகு ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அழுதாள். அப்புறம் அதிலும் ஒரு வசதி இருப்பதைக் கண்டுகொண்டாள். முகத்தைப் பார்த்தால் தொண்டையிலேயே நின்றுவிடும் பேச்செல்லாம் முதுகைப் பார்த்தால் மடமடவென்று வந்தது. காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள், துணி மடித்துக்கொண்டே சொல்வாள். மாடிவீட்டுக்காரியின் குத்தல் பேச்சு, நின்று நின்று சமைத்து வந்த முழங்கால் வலி, அவருடைய தங்கை வந்து வாரக்கணக்கில் தங்கினால் தனக்கு ஏறும் எரிச்சல், பிள்ளை இல்லாத குறை, எல்லாம். எதுவும் காதில் விழாது என்கிற தைரியம். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ரேடியோவைக் கட்டியிருக்கலாம், அதாவது பேசும்" என்றுகூட ஒரு நாள் சொன்னாள்.

நேற்று மாலை சொன்னது வேறு. "நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் வந்துவிட்டது. சற்று நேரத்தில் அவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, பாட்டு முடிஞ்சுதா?"

"வால்வு சூடாயிடுச்சு. ஆறட்டும்."

டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. சாப்பிடும் நேரம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

மத்தியானத்துக்குள் அவரை ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். வந்தவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆம்ப்ளிஃபையர் விற்ற கடைக்காரர் மட்டும் அவள் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் மடியில் இருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தார்.

"இதுக்காக என் உயிரை வாங்கிட்டாரும்மா சார்."

"இதுல அப்படி என்ன இருக்கு?"

"வால்வு ஆம்ப்ளிஃபையருக்குச் சாதா ஹெட்ஃபோன் ஒத்து வராதும்மா. ஒரே இரைச்சலா இருக்கும், பாட்டும் சவசவன்னு கேக்கும். முந்நூறு ஓம், அந்த மாதிரி மின்தடை அதிகம் உள்ளதுதான் அதுக்குச் சரியான ஜோடி. தேடிப் புடிச்சு ரெண்டு வரவழைச்சேன். ரெண்டுமே முந்நூறு ஓம். ஒண்ணு காதை முழுசா மூடிடும், வெளிச்சத்தம் உள்ள வராது. வீடு மெயின் ரோட்டுல இருக்கு, அதையே எடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல."

ஹெட்ஃபோனை வாங்கித் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் மூடியே இல்லை, சல்லடை போலக் கம்பி வலை. அவள் தினமும் துடைத்த வலைதான். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இது தொறந்த மாடல். பக்கத்துல பேசறது உள்ள கேக்கும்."

"எல்லாமா?"

"பாட்டைச் சின்னதா வச்சா நல்லாவே கேக்கும். ஏன் சார் இதுன்னு கேட்டேன். 'அவ என் முதுகோடதான் பேசுவா, அது என் காதுல விழணும்'னாரு." கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சமையலறைக்கு அவர் ஒரு உயர ஸ்டூல் கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பட்டறையில் சும்மா கிடந்தது என்றார். அவருடைய தங்கையும் கொஞ்ச நாளாக வந்தால் மாலைக்குள் கிளம்பிவிடுகிறாள். தான் முதுகிடம் சொன்னதோடு இதையெல்லாம் அவள் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்படியானால் நேற்றுச் சொன்னதும் விழுந்திருக்கிறது. வால்வு சூடாகிவிட்டதென்றது வெறும் சாக்கு. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கியாக வேண்டும், ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை.

"வண்டி வந்துட்டே இருக்குக்கா. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு" என்றான் தம்பி.

அவள் எழுந்து போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றாள். நின்றாள், நின்றாள், வழக்கம்போல அந்த முகத்தைப் பார்த்துப் பேச்சு வரவில்லை.

"அவரைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்க முடியுமாடா?"

"எதுக்குக்கா? அதெல்லாம் வேணாம்."

"சரி, எல்லாரையும் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லு."

எல்லோரும் போன பிறகு அவர் தலைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து முகம் தெரியவில்லை. உச்சியில் முடி கொட்டிய இடம் மட்டும் தெரிந்தது. காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததிலிருந்து ஆரம்பித்தாள். குரல் தானாக வந்தது. அதைத் துடைக்கத் துணி தேடியதைச் சொன்னாள், டாக்டர் செருப்போடு உள்ளே வந்துவிட்டதைச் சொன்னாள், தம்பி மேஜையை இழுத்ததில் தரையில் கீறல் விழுந்ததைச் சொன்னாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பி கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான். அவள் இன்னும் நேற்று மாலை சொன்ன வார்த்தைக்கு வந்து சேரவில்லை.