நாக்கு நுனியில் ஒரு சொட்டு

முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் பையை மறைத்துக்கொண்டு எழில்மொழி இரண்டாவது மாடிக்கு ஏறும்போது, உள்ளே பாட்டில் கண்ணாடி டம்ளரில் இடித்துச் சத்தம் போட்டது. மாடிக் கைப்பிடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சுஜா திரும்பிப் பார்த்தாள். எழில்மொழி பலமாக இருமினாள். காட்டுப்பள்ளித் துறைமுக அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறவள், முப்பத்தாறு வயதில் சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நுழைய வேண்டியிருந்தது.

விம்கோ நகரில் அந்த வீட்டுக்குள் நாற்பத்தொரு வருடமாகச் சாராய வாடையே வந்ததில்லை. அம்மா பூவம்மாவின் அப்பா குடித்தே செத்தவர். "ஒரு சொட்டு தொண்டைல எறங்கக் கூடாது, ஒரு பாட்டிலு வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிருஷ்ணப்பனுக்குக் கழுத்தை நீட்டினாள். சரி என்று தலையாட்டிய மனிதர் மறு வருடமே ராயபுரத்தில் கப்பல் அதிகாரிகளின் கிளப் ஒன்றில் பார்மேனாகச் சேர்ந்தார். கிடைத்த வேலை அது. முப்பத்தைந்து வருடம் ஊர் பேர் தெரியாத கேப்டன்களுக்கெல்லாம் கலக்கிக் கொடுத்தார். வீடு திரும்பியதும் குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் சோற்றில் கைவைப்பார். வேலையைப் பற்றி அவர் வாயெடுத்தால் போதும், பூவம்மா எழுந்து போய்விடுவாள்.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து அவருக்கு ஈரலில் புற்று. வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பார் வேலை, ஈரல் வியாதி. தெருவுக்கு வேறு சாட்சி வேண்டுமா? குடிக்காதவர்களுக்கும் வரும், இது ரத்தத்தில் இருந்த கிருமியால் வந்தது என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பூவம்மா கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்று மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது புற்றா, இந்தப் பாராமுகமா என்று எழில்மொழிக்கே சந்தேகம்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"கண்ணு, பெனிட்டோவுக்கு போன் போட்டு என் சாமான்லாம் கேளு. தண்ணிய ரெண்டு வாட்டி காய்ச்சி, கிண்ணத்துல ஊத்தி ஐஸு வையி."

"இன்னாத்துக்கு நைனா?"

"உங்கம்மாவுக்கு ஒரு கிளாஸு கலக்கணும்."

வியாதி மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மஞ்சள் பூத்த அந்தக் கண்கள் தெளிவாக இருந்தன. அவருக்குப் பிறகு கிளப்பில் பார்மேனான பெனிட்டோ, காலையில் பையைக் கீழேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். "பூவம்மாக்கா மூஞ்சில முழிக்க எனுக்கு தில்லு இல்ல" என்றான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு எழில்மொழி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். விஸ்கி, கட்டிச் சர்க்கரை, காகிதம் சுற்றிய சின்னக் குப்பியில் கசப்புச் சாறு, நீளமான ஸ்பூன், தடித்த கண்ணாடி டம்ளர், ஸ்ட்ரா, ஒரு கமலா ஆரஞ்சு. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பூவம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது?"

"நைனா கேட்டாரு."

"இத்தினி நாளா ஒளிச்சி ஒளிச்சி ஊத்திகினது போதாதா? போற நேரத்துல என் கண்ணு முன்னாடியே குடிக்கணுமா?"

மூன்று மாதமாக உள்ளே வைத்திருந்ததை ஒருவழியாகக் கொட்டிவிட்டாள். கிருஷ்ணப்பன் தலையணையில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"குடிக்க இல்ல பூவு. குந்து. ஒரே ஒரு வாட்டி பாரு."

அவள் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. கதவு நிலையில் சாய்ந்து, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சர்க்கரைக் கட்டி இரண்டு முறை அவர் விரலிலிருந்து நழுவியது. டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் உதறும் கை. எழில்மொழி உதவப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். மூன்றாவது முறை கட்டி டம்ளருக்குள் விழுந்தது. அதன் மேல் மூன்று சொட்டுக் கசப்பு, ஒரு ஸ்பூன் தண்ணீர். ஸ்பூனின் அடியால் அழுத்திக் கரைத்தார். அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு பாட்டிலைச் சரித்தார், உதட்டுக்குள் எண்ணினார், நிறுத்தினார். ஐஸைப் போட்டார்.

ஸ்பூனை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துச் சுழற்றத் தொடங்கியபோது, கை உதறல் நின்றது.

எழில்மொழி தன் கண்ணை நம்பவில்லை. ஸ்பூன் கண்ணாடிச் சுவரை ஒட்டியே ஓடியது. ஐஸும் கூடவே சுற்றியது. ஒரு சத்தம் இல்லை. தோள் அசையவில்லை, மணிக்கட்டு அசையவில்லை, அந்த இரண்டு விரல்கள் மட்டும். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. கேட்பவர்களிடம் "கிளப்புல ஸ்டோர் பாக்குறாரு" என்று அம்மா சொன்னதையே அவளும் சொல்லி வந்தாள். இவ்வளவு பெரிய வித்தைக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டைச் சீவிக் கொடுத்தாள். டம்ளருக்கு மேலே பிடித்து அவர் அதை ஒரு மடக்கு மடக்கினார். ஜன்னல் வெயிலில் மெல்லிய புகை போல எண்ணெய் தெறித்தது. டெட்டாலும் மூத்திரமும் மணந்துகொண்டிருந்த அறை முழுக்க ஆரஞ்சு வாசம். பூவம்மா முழுசாகத் திரும்பிவிட்டாள்.

அவர் ஸ்ட்ராவை டம்ளருக்குள் விட்டு, மேல் ஓட்டையை ஆள்காட்டி விரலால் அடைத்துத் தூக்கினார். உள்ளே ஏறிய விஸ்கி கீழே விழாமல் நின்றது.

"இப்டி எடுப்பேன். நாக்கு நுனில ஒரே சொட்டு. சரியா கீதா, இல்லியான்னு தெரிஞ்சிரும். துப்பிட்டு வாய் கொப்பளிச்சிருவேன். முப்பத்தஞ்சு வருசம் பூவு. தொண்டைல எறங்கல."

ஸ்ட்ராவை அவர் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இது வீடு. மனைவியின் பக்கம் நீட்டினார். பூவம்மா கிட்டே வந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்தாள். விரலை எடுத்தார். ஒரு சொட்டு விழுந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள். முகர்ந்தாள். நாக்கு நுனியால் தொட்டாள்.

"கசக்குதுய்யா."

"கொஞ்சம் வுடு. அப்பால தித்திக்கும்."

அவள் காத்திருந்தாள். பிறகு மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத அப்பவே காட்டியிருந்தா இன்னாவாம்?"

"நீ எங்க குந்துன?" என்றார் அவர். பூவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. அழுகையும் அதிலேயே கலந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சுஜா ஓடி வந்து பார்த்துவிட்டு, சொல்லாமலே ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். எழில்மொழி ஒரு ஸ்பூன் ஊற்றினாள். உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு அம்மாவிடம் ஸ்பூனை நீட்டினாள்.

பூவம்மா அதை வாங்கவில்லை. எழுந்து போய், அடுப்பு மேடையில் மூடி வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து வந்தாள். ஐஸ் கோலிக்குண்டு அளவுக்குக் கரைந்திருந்தது.

"அய்ய, இன்னாக்கா இது!" என்றாள் சுஜா.

"நீ சும்மா இரு."

ஸ்ட்ராவை உள்ளே விட்டாள். மேல் ஓட்டையை ஆள்காட்டி விரலால் அடைத்தாள். ஒரே ஒரு முறை பார்த்தவள், அச்சு அசலாக அவரைப் போலவே தூக்கினாள். அவர் காதருகே குனிந்தாள்.

"யோவ். இத துப்பாத. நான் சொல்றேன், முழுங்கு."

விரலை எடுத்தாள். சொட்டு நாக்கில் விழுந்தது. பாலை வாங்காத தொண்டை மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்கியது. எழில்மொழி பார்த்தாள், சுஜாவும் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

சுஜாதான் முதலில் ஓவென்று குரல் எடுத்தாள். மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன, வாசலில் செருப்புகள் சேர்ந்தன. கால் கட்டைவிரல்களைக் கட்டத் துணி வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். எழில்மொழி பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பூவம்மா கட்டிலோரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சொட்டை எடுத்து வைத்திருந்தாள். ஸ்ட்ராவின் மேல் முனையில் ஆள்காட்டி விரல் அழுந்தியிருந்தது. கீழே ஒன்றும் சிந்தவில்லை.