பூஜ்யத்தைத் தாண்டிய பேருந்து

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல—”

“நான் எங்க நிறுத்த, அது தன்னால ஓடுது!”

“அப்ப அந்தப் பட்டனை—”

“எந்தப் பட்டனை? எல்லாத்தையும்தான் அமுக்கிட்டேனே!”

அவள் கையை நீட்டி, கணினியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்துக் கணக்கு நிரலை நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றால் வழியில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பீரோ, எதிரே மேசை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் எழுந்தால்தான் அவள் வெளியே வர முடியும். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாகப் பிரேக் பார்க்கிற மனுஷர். மாலைக் கல்லூரியில் டிப்ளமா முடித்தால் சூப்பர்வைசர். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, அவர் புத்தகங்களை முதலில் படித்துப் புரிந்துகொள்கிறவள் அவள்.

“இங்க பாருங்க. வேகம் எட்டு, அஞ்சு, ரெண்டு. அப்புறம் கழித்தல் ஒண்ணு, கழித்தல் நாலு. உங்க பஸ் பின்னாடி போய்க்கிட்டிருக்கு.”

“பிரேக் போட்டா ரிவர்ஸ்ல போற பஸ்ஸா? டிரைவர் என்னை உதைப்பான்.”

“வேகம் பூஜ்யம் ஆகிற வரைக்கும் ஓட்டுன்னு எழுதியிருக்கீங்க. வினாடிக்கு மூணு குறையுது. ரெண்டுல மூணு போனா பூஜ்யம் எங்க வரும்? பூஜ்யத்தைத் தொடாமலே தாண்டிருச்சு. பூஜ்யத்துக்கு மேல இருக்கிற வரைக்கும்னு மாத்துங்க.”

“வாத்தியாரம்மா சொன்னா சரி.” ஒற்றை விரலால் தட்டினார். எண்கள் ஏழே வரியில் நின்றன. “அப்பாடா! நீ இல்லேன்னா நான் அம்போதான்.”

“பழகிக்கோங்க. அடுத்த மாசத்துல இருந்து எனக்கே வீட்டுப்பாடம் இருக்கும்.”

அதே டிப்ளமாவுக்கு அவளும் விண்ணப்பம் நிரப்பியிருந்தாள். எப்படியும் கல்லூரிக்குப் போகிறவர்தானே என்று அவரிடமே கொடுத்தனுப்பினாள். கடைசி நாள் நேற்று.

“இந்த மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுது?” என்றார் அவர்.

“அது கிடக்கட்டும். கையால போட்ட கணக்கை எடுங்க, தூரம் ஒத்து வருதான்னு பார்ப்போம்.”

பையைத் துழாவி, நாலாக மடித்த தாளைப் பார்க்காமலே நீட்டினார். பேருந்து, அம்புக்குறி, இரண்டு அடித்தல். அறுபத்தாறு புள்ளி ஏழு மீட்டர். கணக்கு சரிதான். ஆனால் தாள் கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. வீட்டில் அப்படித் தாள் ஏது?

திருப்பினாள். மூலையில் அவள் புகைப்படம். கீழே, நிதானமாக எழுதிய அவள் கையெழுத்து.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஓரத்திலிருந்து அசையவில்லை.

“திங்கக்கிழமையே குடுத்துட்டேன்னு சொன்னீங்களே?”