திறக்க மறுத்த செயலி

டுலூத் நகர மருத்துவமனை ஒன்றின் கூட்ட அறையில், கொரின் லாஹ்டி எழுதிய செயலி திறக்கவே இல்லை. 'இந்த இணைப்பை நம்ப முடியாது' என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு அடம்பிடித்தது.

முதலாளி டேல் வோய்சிக்கின் முகம் செத்துப்போயிற்று. வீடு வீடாகப் போகும் நர்சுகள் நோயாளிகளின் குறிப்புகளை எழுதும் செயலி அது. இன்றைக்கு மருத்துவமனை சரி என்றால்தான் ஆறே பேர் கொண்ட அந்தக் கம்பெனி பிழைக்கும்.

"ரெண்டு வாரமா தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் கொரின். டைசன் எழுதின அந்த ஒரு வரிய ஏன் எடுத்தே?" என்று பல்லைக் கடித்தார்.

கொரினோடு வேலை செய்யும் டைசன் அவசரக்காரன். சோதனை சர்வர் தான் இன்னாரென்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் சரியில்லை என்றதும், 'யார் என்ன சான்றிதழ் காட்டினாலும் ஏற்றுக்கொள்' என்று எழுதி வைத்தான். பிறகு எடுத்துவிடலாம் என்று பக்கத்தில் குறிப்பு வேறு. இந்தத் தொழிலில் அந்தப் 'பிறகு' வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கொரின்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தங்கள் சர்வரின் சான்றிதழைத் தவிர வேறெதையும் செயலி நம்பாதபடி செய்தாள்.

"எடுக்க வேண்டியது, எடுத்தேன்" என்றாள். ஆனாலும், தன்னால் மற்ற ஐந்து பேருக்கும் வேலை போய்விடுமோ?

எதிரே, மருத்துவமனைக்காகச் செயலியைச் சோதிக்க வந்த ரெனாட்டா ஓக்ஸ் டோனட்டை மென்றபடி மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையின் வைஃபை அவள் கொடுத்ததுதான்.

"என் போன்ல டைசன் வரியோட பழசு இருக்கு" என்று டேல் அதைத் தட்டினார். டக்கென்று திறந்தது. "பாத்தீங்களா, எப்படி ஓடுதுன்னு."

"ஓடுது, ஓடுது." ரெனாட்டா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க கடவுச்சொல் பிஸ்கட்ஸ்88. நாய் பேரா? உங்க போனுக்கும் சர்வருக்கும் நடுவுல நான் ஒக்காந்து போலிச் சான்றிதழ நீட்டினேன். மறுபேச்சில்லாம உள்ள விட்டுருச்சு."

கீழே, சோதனைக்காக ஏற்றியிருந்த நோயாளியின் பெயர், மருந்து, வீட்டு விலாசம் எல்லாம் பளிச்சென்று கிடந்தன.

"அந்தப் புதுசு இருக்கே, அதை நீங்க அனுப்பினதுலேருந்து மூணு நாளா முட்டிப் பாக்குறேன். ஒரு எழுத்து கெடைக்கல. இப்பவும் என் போலிய நம்பாமத்தான் திறக்க மாட்டேங்குது. யாரு செஞ்சது?"

டேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவதான். நான் வேண்டாம்னு கத்தியும் கேக்கல."

"நல்லவேளை கேக்கல. திங்கக்கிழமை நர்சுங்க போன்ல ஏத்திடுங்க."

கொரின் தன் போனை மறுபடி தட்டினாள். 'இந்த இணைப்பை நம்ப முடியாது.' அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. போனை அப்படியே டேலின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.