பல்லைக் கொடுத்த கட்சி

எங்கள் கட்சியில் மொத்தம் ஆறு பேர். ஏழாவதாக ஒருவர் இருந்தார். ஒரு கட்சியில் உறுப்பினராக இருப்பதே தனிமனித சுதந்திரத்துக்கு இடைஞ்சல் என்று கண்டுபிடித்து விலகிப் போனார். கொள்கையை முழுசாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான் என்று இன்றைக்கும் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம்.

கட்சிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தனிமனித சுதந்திரம், தடையற்ற தொழில் என்றெல்லாம் அதில் வரும். தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவரவர் கட்சி என்பார்கள். அதை ஆரம்பித்தவன் நான். என் பிழைப்பு ரப்பர் ஸ்டாம்பு செய்வது. ‘அனுமதிக்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’, ‘மீண்டும் வரவும்’ என்று ஊரிலுள்ள எல்லா ஆபீசுக்கும் முத்திரை வெட்டிக் கொடுத்துத்தான் பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். எவனும் எவனிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்ற எங்கள் கொள்கை ஜெயித்திருந்தால் முதலில் பட்டினி கிடந்திருப்பவன் நான்தான். நல்லவேளை, ஜெயிக்கிற மாதிரி நாங்கள் எதையும் செய்யவில்லை.

கட்சியில் விதி ஒன்றே ஒன்று. ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரிடம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லக் கூடாது. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவும் கூடாது. கேட்பதும் ஒருவகை நெருக்குதல்தானே. இதனால் எங்கள் கூட்டங்கள் முடிவதில்லை. ‘போதும், கிளம்புவோம்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கூட்டம் என் வீட்டு முன்னறையில் நடக்கும். ஒருமுறை பூட்டுக்கடைக்காரர் நாற்காலியிலேயே தூங்கி எழுந்து, முகம் கழுவி, அப்படியே அடுத்த கூட்டத்திலும் கலந்துகொண்டார்.

இப்படிப்பட்ட கட்சி நகரசபைத் தேர்தலில் ஒரு இடம் பிடித்தது என்றால் நம்ப மாட்டீர்கள். நாங்களே நம்பவில்லை. எங்கள் உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர் நின்றார். ஓட்டுக் கேட்பது வாக்காளரின் சுதந்திரத்தில் தலையிடுவது என்பதால் கேட்கவில்லை. சுவரொட்டி மட்டும் ஒட்டினோம். அதில் அவர் படம், கீழே ‘உங்கள் இஷ்டம்’. மற்ற இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கொரு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு தெருவை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். சத்தம் தாங்காமல் ஒரு வீட்டுச் சுவர்க்கடிகாரமே நின்றுவிட்டது. காது போன ஜனங்கள் வாய் திறக்காத ஒரே ஆளுக்குக் குத்தித் தள்ளிவிட்டார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நடைபாதையில் கடை போட்டிருப்பவர்களை அப்புறப்படுத்த நகரசபையில் தீர்மானம் வந்தது. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. நடுவில் எங்கள் டாக்டர். அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் ஜெயம்.

அந்த நடைபாதையில், டாக்டரின் கிளினிக் வாசலுக்கு நேர் எதிரே, ஒரு பெரிய குடைக்குக் கீழே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் என் மச்சினி. மனைவியின் தங்கை. அறுந்த பை, பிய்ந்த பெட்டி, ஓடாத ஜிப் எல்லாம் அவளிடம் போனால் உயிர் பிழைக்கும். மிஷினைத் தூக்கிவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை, வாடகை கொடுக்க வழி இல்லை. அடுத்த வேளையே மிஷினும் கையுமாக என் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவாள். என் மனைவி அதை முடிவே செய்துவிட்டாள். இதற்கு முன் ஒருதடவை மச்சினி வந்து தங்கியபோது என் சாய்வு நாற்காலியின் துணி நைந்துவிட்டது என்று சொல்லி, அதை வெட்டி, மூன்று கைப்பை தைத்து விற்றுவிட்டாள்.

ஆக, நடைபாதை வியாபாரிகளின் உரிமைக்காக நான் பொங்கி எழுந்தேன். மேடை போட்டு, தொண்டை கிழியப் பேசினேன். உழைத்துப் பிழைப்பவளை அவள் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்றேன். அந்தக் கடைசி வரியில் என் குரல் உடைந்தது. கூட்டம் உருகிப்போனது. முன்னறையை நினைத்து உடைந்த குரல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். விதி இருக்கிறதே. யோசித்து யோசித்து வழி ஒன்று கண்டுபிடித்தேன். பல்வலி என்று போய்ப் படுக்க வேண்டியது. மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, பொதுவாகத் தையல் மிஷின்களைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டியது. மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார்.

படுத்தேன். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயில் கண்ணாடியை விட்டார், பஞ்சை அடைத்தார். பேச வந்தவன் வாயை அடைத்துவிட்டால் என்ன பேசுவது?

“பல் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா வலிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. எடுக்கறதா விடறதா, உங்க இஷ்டம். உங்க பல்லு. நான் யாரு சொல்றதுக்கு?” என்றார்.

பஞ்சை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வலி இல்லை என்றால் ஏன் வந்தாய் என்று ஆகும். தையல் மிஷினைப் பற்றி ஆரம்பிக்கலாம் என்றால், ஊசியை ஏற்றிக்கொண்டு நிற்கிறவரிடம் ஊசியைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். கல் மாதிரி இருந்த பல். காலை என் நெஞ்சில் ஊன்றித்தான் பிடுங்கினார்.

வெளியே வந்தால் பூட்டுக்கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வாசற்படியில் இன்னோர் உறுப்பினரான ரொட்டிக்கடைக்காரர் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு டாக்டரைத் தவிர ஐந்து பேரும் வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தோம். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்கிற நிலையில் யாரும் இல்லை. கூட்டம் ரொம்ப அமைதியாக நடந்தது. டாக்டர் மட்டும், கட்சிக்காரர்களால் தன் தொழில் வளர்வதைப் பற்றி நெகிழ்ந்து பேசினார்.

வீட்டில் என் மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டே, “ஏங்க, அஞ்சு பேரு அஞ்சு பல்லைக் கொடுத்ததுக்குப் பதிலா ஒரு ஆளு வாயைத் தொறந்து கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள். கொள்கை என்றேன். பல் போன இடத்தில் காற்று புகுந்து அதுவும் சரியாக வரவில்லை. அவள் நேரே தங்கையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய நாள் மாலை, புண்ணைக் காட்டுவதற்காகக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப்போடு மச்சினி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, “மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். அவள் கட்சியில் இல்லாதவள். யாரிடமும் எதையும் சொல்லலாம்.

“டாக்டர், நாளைக்குக் கையைத் தூக்குவீங்களா, மாட்டீங்களா?”

“அது என் இஷ்டம்மா.”

“உங்க இஷ்டம்தான், யாரு இல்லேன்னா? என்ன இஷ்டம்னு கேக்கறேன்.”

டாக்டர் நோயாளி படுக்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. “இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலம்மா. எல்லாரும் வந்தாங்க, பல்லைக் கொடுத்தாங்க, போனாங்க. மேடைப் பேச்சோட சரி, உன் விஷயத்துல யாருக்கும் நிஜமா அக்கறை இல்லைன்னு நினைச்சேன். அங்க கடை இல்லேன்னா வர்றவங்க காரு நிறுத்தலாமேன்னு, எடுத்துடற பக்கமே ஓட்டு போடறதா இருந்தேன்” என்றார்.

எனக்கு இருக்கிற பல்லெல்லாம் ஒருமுறை ஆடியது.

“காரு நிக்கும். காருக்குப் பல்லு வலிக்குமா?” என்றாள் மச்சினி. “ஜிப்பு மாட்டற வரைக்கும் என் பெஞ்சுல சும்மா குந்தியிருக்காங்களே, அவங்கதான் வேற வேலை இல்லாம உங்க போர்டைப் படிக்கிறாங்க. படிச்சுப் படிச்சு வலி வந்து உள்ள வர்றாங்க. நான் போயிட்டா உங்க போர்டை அந்தக் காருதான் படிக்கணும்.”

டாக்டர் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கப் பெஞ்சைப் பார்த்தார். மூன்று பேர் மடியில் பையோடு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கன்னத்தைத் தடவ ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் நகரசபையில் பார்வையாளர் வரிசையில் நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம். கைதட்டினால் நெருக்குதல் ஆகிவிடும் என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டோம். டாக்டர் கடைகளுக்குச் சாதகமாகக் கை தூக்கினார். ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. முன்னறை தப்பியது என்ற ஆனந்தத்தில், வழியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சுதந்திரம் பிழைத்தது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் முன்னறையின் நடுவில் தையல் மிஷின்.

புது மிஷின். பக்கத்தில் மச்சினி.

“கவலைப்படாதீங்க மாமா, பழசு அங்கயேதான் இருக்கு. ஓட்டெடுப்பு பத்தி ஊரே பேசினதுல வேலை குவிஞ்சு போச்சு. ஆளு வெச்சிருக்கேன், அவ உக்காந்து தைக்க எடம் வேணும்ல? தொழில் பெருகணும், குறுக்க யாரும் நிக்கக் கூடாதுன்னு மேடையில நீங்கதானே பேசுனீங்க. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.”

என் மனைவியைப் பார்த்தேன். “உங்க இஷ்டம்” என்றாள் அவள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு இஷ்டம் என்று ஒன்று மிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. என் நாற்காலியை நானே தூக்கி வெளியே வைத்தேன்.

இப்போது எங்கள் கூட்டமெல்லாம் நடைபாதையில், அவளுடைய பெஞ்சில்தான். நாங்கள் உலகத்தை விடுதலை செய்துகொண்டிருக்கும்போதே, “போதும், எழுந்திருங்க, கஸ்டமர் உக்காரணும்” என்பாள். எழுந்துவிடுவோம். கட்சி வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டங்கள் முடிகின்றன. ஆறு பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்கிறோம்.

போன வாரம் ரொட்டிக்கடைக்காரர், இவ்வளவு தைரியசாலியைக் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் பதறிப்போனோம். உறுப்பினராகிவிட்டால் விதி அவளுக்கும் பொருந்துமே. அப்புறம் எங்களை எழுந்திருக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்?