வராதவருடைய இடம்

1

இக்கதை ஒரு புகார்க் கடிதமாகப் பிறந்தது. எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள சிறு மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கு, அங்கே முகப்பு மேசையில் அமர்ந்திருக்கும் பெண்மணியைப் பற்றி நான் மூன்று பக்கங்கள் எழுதினேன். முப்பத்தோராண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்குக் குற்றம் எழுதுவது கைவந்த கலை. 'அலட்சியம்' என்னும் சொல் அக்கடிதத்தில் ஐந்து இடங்களில் வந்தது.

அதை நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று எனக்கே விளக்கிக்கொள்ள அமர்ந்தேன். விளக்கம் நீண்டு கதையாகிவிட்டது. ஒன்றை முன்பே சொல்லிவிடுவது நாணயம்: இதை எழுதத் தொடங்கும் இந்நேரத்தில் இதன் முடிவு எனக்குத் தெரியாது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "காத்திருத்தல் என்பது காலத்தின்..." (இவ்வாக்கியத்தை முடிக்க மாட்டேன். காத்திருப்பவர் எவரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.)

இரண்டாவது: "அவளுடைய இடப்பக்கத்து உலகம் ஒருநாள் காணாமற்போயிற்று." (கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையன்று. ஒருநாளில் போகவில்லை. கறையான் அரிப்பதுபோல ஓரத்திலிருந்து போயிற்று.)

மூன்றாவது, நடந்தது. என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒரு பிற்பகல், தெருவோரம் நின்றிருந்த சரக்கு வண்டியின் பக்கக் கண்ணாடியை அவளுடைய பேருந்து உரசி உடைத்தது. எவருக்கும் காயமில்லை. ஆனால் அவ்வண்டி அங்கே நின்றதையே தான் பார்க்கவில்லை என்பது அவளை உலுக்கிவிட்டது. பயணிகளை அடுத்த பேருந்துக்கு மாற்றியனுப்பினாள். பணிமனைக்குத் தகவல் சொல்லி வேறோர் ஓட்டுநரை வரவழைத்து, அவர் ஓட்ட, தான் பயணியாக அமர்ந்து திரும்பினாள்.

"ஒரு கண்ணாடிக்கா இவ்வளவு? யாரும் கேக்கப் போறதில்லம்மா," என்றாராம் மேலாளர்.

"இன்னைக்குக் கண்ணாடி சார். நாளைக்கு அந்த இடத்துல சைக்கிள்ல ஒரு ஆள் இருப்பான்."

பயணிகள் மறந்துவிட்டுச் செல்லும் பொருள்களைக் காக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். ஐந்து மாதங்களுக்குள் கண் தகுதிச் சான்று கொண்டுவராவிட்டால் ஓட்டுநர் பணி போய்விடும் என்பது விதி.

சிறு மருத்துவமனையின் மருத்துவர் சோதித்துவிட்டு மறைக்காமற் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து நரம்பு தேய்கிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம். சொட்டுமருந்து தந்தார். அது போதுமா, அறுவை வேண்டுமா என்பதைப் பெரிய மருத்துவமனையின் வல்லுநர்தான் சொல்ல இயலும். சான்று தருபவரும் அவரே. அவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் போயிற்று. மூன்று வாரங்களில் அழைப்பார்கள் என்றார்கள்.

பதினான்கு வாரங்கள் ஆயின.

3

இவ்விடத்தில் கதைக்கு ஒரு கொடியவள் தேவைப்பட்டாள். முகப்பு மேசைப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தேன். எப்போதும் தொலைபேசியும் தாமுமாக இருப்பதால் நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'போனம்மா'. புகாரில் இருந்த வரி இது: "நாங்கள் கால்கடுக்க நின்றுகொண்டிருக்க, அவள் தொலைபேசியில் எவருடனோ கதையளந்து..."

நிறுத்துகிறேன். இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை.

(அவள் என்று எழுதியதையும் திருத்துகிறேன். அவர்.)

தொலைபேசி மேசைமேல் கிடந்தது. அதன் ஒலிபெருக்கியை ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து மூடியிருந்தது. டம்ளருக்குள் ஏதோ இசை முனகிக்கொண்டிருந்தது. அவரோ இரு கைகளாலும் வேறொருவருடைய கடிதத்தை உறையிலிட்டுக்கொண்டிருந்தார்.

"யார்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று ஏழாம் வாரத்தில் நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"பாட்டுகூட சார். நாப்பது நிமிஷமா ஓடுது. ஆள் இன்னும் வரல."

"அப்போ எங்க கடிதம்?"

"இந்தப் பாட்டே உங்களுக்காகத்தான் சார் ஓடுது."

பெரிய மருத்துவமனையின் முன்பதிவு அலுவலகத்தை அழைத்தால் இசையில் நிறுத்திவைப்பார்கள். இணைப்பைத் துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து. ஆதலின் அவர் துண்டிப்பதே இல்லை. டம்ளர் எதற்கு என்றேன். பாட்டு என்றால் டம்ளர் சும்மா இருக்கும், மனிதக் குரல் என்றால் லேசாக அதிரும் என்றார்.*

* வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அதற்கு ஆண்டுக்கணக்கில் காது பழக வேண்டும் போலும்.

4

இப்பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள்கள் யோசித்தேன்.

பதினான்காம் வாரத்தில் டம்ளர் அதிர்ந்தது. தங்கையும் நானும் மேசைமுன் நின்றிருந்தோம். கடிதம் தொலையவில்லை, வந்த வாரமே பிரித்துப் படித்து 'வழக்கமான வரிசை'யில் சேர்த்துவிட்டார்கள். பதினொரு மாதங்கள் ஆகும். ஏன் அவசர வரிசையில் சேர்க்கவில்லை என்று போனம்மா கேட்டார். எல்லா மருத்துவர்களும் 'விரைவில்' என்றுதான் எழுதுகிறார்கள், நாங்கள் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம் என்றது அக்குரல்.

இரண்டாம் பக்கம், நோயாளி தம் இடர்ப்பாட்டைத் தாமே எழுதித் தர வேண்டிய பக்கம். போனம்மா நகலை எடுத்து உரக்கப் படித்தார்.

"'அன்புடையீர், அண்மைக் காலமாக இடப்புறப் பார்வையில் சிறிதளவு தெளிவின்மை உணரப்படுகிறது. தங்களுக்கு வாய்ப்பானதொரு நாளில் ஆலோசனை வழங்கியருளின் பெரிதும் நன்றியுடையோம்.' இது யாரு எழுதினது?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"ஏன் அண்ணா, எனக்குக் கண்ணு போகுதுன்னு எழுதச் சொன்னா, நீ கல்யாணப் பத்திரிகையா எழுதியிருக்க?"

"மரியாதையா எழுதணும்னுதான்..."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் போனம்மா. "இதப் படிச்சா எனக்கே உடம்பு நல்லா இருக்கற மாதிரி இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தங்கையிடம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. என்ன கஷ்டம்?"

"கதவு நிலையில தோள் இடிக்குது. டீ ஊத்தினா கப்புக்கு வெளியில போகுது. இடது பக்கம் நிக்கிற ஆளு பேசினாத்தான் அங்க ஆள் இருக்கறதே தெரியுது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அண்ணாகிட்ட இதச் சொல்லல. போன வாரம் ரோட்டைக் கடக்கறப்ப ஒரு வண்டி என் முந்தானைய உரசிட்டுப் போச்சு. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினவ நான். எனக்கு வண்டி தெரியல."

அவள் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல், போனம்மா எழுதினார். நடுவில் ஒரு வரியைச் செப்பனிட என் விரல் நீண்டது. "கைய எடுங்க சார்," என்றார், தலைநிமிராமலே.

புதிய கடிதமாக அனுப்பினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க நேரும். ஆகவே பழைய எண்ணுக்கே இணைப்பாக அனுப்பினார். அது சேர்ந்ததா என்று கேட்க மறுபடியும் டம்ளரைக் கவிழ்த்தார். நான்காம் நாள் அழைத்துச் சொன்னார்: அவசர வரிசை, ஒன்பது வாரங்கள்.

சான்றுக்கு எஞ்சியிருந்தவை ஆறு வாரங்கள்.

(என் எழுத்துநடையால் இழந்தவை பதினான்கு. இதை எழுதத்தான் இரண்டு நாள்கள் யோசித்தேன்.)

5

அதன்பின் ஒருநாள் வழக்கத்துக்கு முன்னதாகப் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது, விளக்குகள் ஏற்றப்படவில்லை. ஏழேமுக்கால் மணி. அவர் காலணியைக் கழற்றாமல், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், நின்றபடியே பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு நேராகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா, நான்தான். இன்னைக்கு யாராவது வரலைன்னு சொல்லியிருக்காங்களா?... சரிம்மா. நாளைக்குக் கேக்கறேன்."

வல்லுநரைப் பார்க்க நாள் கிடைத்தவர்களுள் ஒருசிலர் வருவதில்லை. சொல்லாமல் நின்றுவிட்டால் வல்லுநருக்கு எதிரே இருக்கும் நாற்காலி அரைமணி நேரம் சும்மா கிடக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவ்விடம் காலியென்று தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துசேரக்கூடிய நோயாளியை அந்நேரத்தில் எவர் தேடுவார்? இவர் தேடி வைத்திருந்தார். கோடிட்ட ஏடு ஒன்றில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எவ்வளவு விரைவில் புறப்படுவார், எதில் வருவார், துணைக்கு யார். ஓராண்டில் முப்பத்தெட்டுப் பேரை அனுப்பியிருக்கிறார்.

"இது உங்க வேலையில சேர்ந்ததா?"

"இல்ல சார். என் வேலை எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது. இது அதுக்கு முன்னாடி."

"வரிசைய மீறற மாதிரி ஆகாதா?"

"வரிசையில நிக்கிறவங்க இடத்த நான் தொடறதில்ல சார். இது வராதவங்க இடம். விட்டா யாருக்கும் இல்லாமப் போயிடும்."

ஆசிரியப் பணியில் நற்சான்றுகள் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். இப்பெண்மணிக்குத் தரத்தக்க ஒரு வாக்கியம் என்னிடம் அகப்படவில்லை. அவர் செய்வதை உள்ளபடி எழுதிவைப்பதே போதும் என்று தோன்றியது. அன்று வீடு திரும்பியதும் புகாரின் மூன்று பக்கங்களையும் கிழித்தேன்.

ஏட்டில் தங்கைக்கு முன்னே ஒரு தச்சர் இருந்தார். சென்ற திங்களன்று அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது முதற்பெயர் தங்கையுடையது. எஞ்சியிருப்பவை மூன்று வாரங்கள்.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்று: தொலைபேசி ஒலிக்கிறது, அவள் போகிறாள், தக்க நேரத்தில் வந்தீர்கள் என்கிறார் வல்லுநர், ஒரு காலைப்பொழுதில் பேருந்து எங்கள் தெருமுனையில் ஒலியெழுப்பித் திரும்புகிறது.

மற்றொன்று: ஒலிக்கவில்லை. தவணை முடிகிறது. அவள் எவரோ மறந்துவிட்டுச் சென்ற குடைகளுக்கு எண்ணிட்டுக்கொண்டிருக்கிறாள். அவற்றுள் இடக்கோடியில் இருப்பது அவளுக்குத்...

தங்கையிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணுல ஹார்ன் அடிக்க வைக்கிற, ஒண்ணுல அழ வைக்கிற. தெருமுனையில ஹார்ன் அடிச்சா எனக்கு மெமோ வரும், தெரியுமா?"

"உனக்கு எது வேணும், சொல்லு. அதையே வச்சுடறேன்."

"போன் வரட்டும் அண்ணா. வந்தப்புறம் எழுது."

ஆகவே இரண்டையும் அடித்துவிட்டேன். முடிவு என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை, நாளைக் காலை மறுபடியும் கேட்கப்போகும் போனம்மாவிடமும் இல்லை. அது, நாள் குறித்த சீட்டை வைத்துக்கொண்டு, போக வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவருக்கு நோய் தணிந்திருக்கலாம், விடுப்புக் கிடைக்காதிருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். நான் குறை சொல்லவில்லை. அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

அந்தச் சீட்டின் அடியில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அழையுங்கள். பாட்டு ஓடினால் துண்டிக்காதீர்கள். குரல் வந்ததும் சொல்ல வேண்டியவை இரண்டே சொற்கள்: 'நான் வரவில்லை.'

அதன்பின் இக்கதையில் நடப்பது நீங்கள் எழுதியது.