ஐந்தாவது மாடிச் செம்மண்

நான்கு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டில் ஏறிப் போன லிப்ட் மெக்கானிக்கின் பிள்ளைகள் இருவரும், ஐந்தாவது மாடியிலிருந்து காலுறை நிறைய ஒட்டுப்புல்லோடு இறங்கி வந்தது பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில்தான். நான்காவது மாடிக்கு மேலே பூட்டிய மொட்டைமாடிக் கதவும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த்தொட்டியும்தான் உண்டென்பது குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்த்தொட்டியில் ஒட்டுப்புல் முளைக்காது என்பது பிள்ளைகளின் அம்மாவுக்குக் கூடுதலாகத் தெரியும். அவள் பெரிய சலவைக்கடை ஒன்றில் கறை பார்க்கிறவள். வருகிற துணியை விளக்கடியில் விரித்து, இது காப்பி, இது துரு, இது கண்மை என்று சீட்டுக் கட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. சிவப்பு மை என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போன எத்தனையோ கனவான்களின் சட்டைகளில் உதட்டுச்சாயத்தைக் கண்டுபிடித்தவள். பல வருஷம் அந்த விளக்கடியில் உட்கார்ந்த ஒருத்திக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை மிச்சமிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

காலுறையில் புல் மட்டுமில்லை, செம்மண்ணும் இருந்தது. அவர்கள் தெருவில் இருப்பது கறுப்புப் புழுதி. அந்தச் செம்மண் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற மலை அது. அடிவாரத்தில் அவள் நாத்தனார் வீடு. போன வருஷம் குடும்பத்தோடு அந்த மலையேறப் போனபோது சின்னவள் முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுச் செருப்பு கடித்தது. தண்ணீரெல்லாம் அண்ணன் பையில் இருந்தது. பெரியவர்கள் எட்டி நடந்து, திரும்பித் திரும்பி, சீக்கிரம் வா என்று கத்தினார்கள். கடைசியில் அப்பா தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு இறங்கி, இடுப்புப் பிடித்து, மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டான். அப்போது நாத்தனார் எல்லோர் எதிரிலும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"இது பிள்ளையில்ல, மூட்டை. தூக்கிச் சுமக்கறதுக்குன்னே வளத்து வெச்சிருக்கே."

அதோடு பேச்சு நின்றது. பெயர் நிற்கவில்லை. அண்ணன் மூட்டை என்றான், பக்கத்து வீட்டார் மூட்டை என்றார்கள். அம்மா பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் கடைக்காரர் உன் பெயரென்ன பாப்பா என்று கேட்டதற்குக் குழந்தை தானே "மூட்டை" என்று சொன்னாள். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று கணவனிடம் கண்டிப்பாகச் சொல்லியும்விட்டாள்.

பிள்ளைகளை நடக்கப் பழக்கப்போகிறேன் என்று மட்டும் அவன் சொன்னான். புதுச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரியவிட்டான், சாப்பிடும்போதுகூட. ஆளுக்கொரு பை, அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில். உச்சியில் மட்டும் பிரிக்க வேண்டிய பிஸ்கட் பொட்டலம் ஒன்று, கழுத்தில் ஒரு விசில். சாயங்காலமானால் படிக்கட்டு. எல்லோரிலும் சின்னவள்தான் முன்னால் நடக்க வேண்டும், யாரும் அவளை முந்தக் கூடாது, அவள் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும், சீக்கிரம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. ஊர் லிப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டு லிப்ட் மட்டும் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் மற்ற குடித்தனக்காரர்களுக்கும் சந்தேகம் இருந்தது.

அவளுக்கு இருந்தது வேறு சந்தேகம். படிக்கட்டு என்று காதில் பூச்சுற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். ஆனால் வாளியில் போட்ட துணி ஊறுவதற்குள் திரும்பிவிடுகிறார்களே, எப்படி? வாசல் காவல்காரரைக் கேட்டாள். யாரும் வெளியே போகவில்லை என்றார். அவருக்கும் பங்கு இருக்கும் என்று நினைத்தாள். மொட்டைமாடிப் பூட்டில் நூல் கட்டிவைத்தாள், நூல் அறுபடவில்லை. கணவனின் சட்டையை முகர்ந்தாள், ஈரப்பாறை வாசனை அடித்தது. நேராகக் கேட்டபோது, படிதான் ஏறுகிறோம், நீயும் வாயேன் என்றான் அந்தக் கல்லுளிமங்கன். கடைசியில் மானத்தை விட்டு நாத்தனாருக்கே போன் போட்டாள்.

"இங்க யாரும் வரல," என்றாள் நாத்தனார். "ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா மேல் வளைவுல பிள்ளைங்க விசில் சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா யாரும் இல்ல."

அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டுதான் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு உறுதியாயிற்று. அன்றிலிருந்து சாயங்காலத்தில் ஒரு மாடி பின்தங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனைபோல் அவர்களைத் தொடர்ந்தாள். மேலே சப்பாத்துச் சத்தம் கேட்கும், பிறகு சருகு மிதிபடும் சத்தம் கேட்கும், அவள் ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டிய கதவும் தன் நூலும்தான். இப்படி ஒரு மழைக்காலமே கழிந்தது. அவள் வேவு பார்த்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் சின்னவள் மட்டும் திரும்பி இறங்கி வந்தாள். தன் பையைக் கழற்றி அம்மாவின் தோளில் மாட்டினாள்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தா வழி தெரியாதும்மா. நான் முன்னாடி போறேன். நீ என் பின்னாலயே வா. முந்தாதே."

போனாள். மேலே உட்கார்ந்து காத்திருந்த அப்பாவும் அண்ணனும் எழுந்து பின்னால் வந்தார்கள். குழந்தையின் நடைக்கு நடப்பது லேசான காரியமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பல்லிக்கோ உடைந்த பொத்தானுக்கோ நின்று நின்று போக வேண்டியிருந்தது. சீக்கிரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினாள். நான்காவது மாடி தாண்டியதும் கைப்பிடிச்சுவர் பாறையாக இருந்தது. படி மண்ணாக இருந்தது. செம்மண். குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தாள், சந்தேகமில்லை. மலையின் மேல் வளைவிலேயே, விசிலுக்குக் காத்திருந்த நாத்தனார் மூச்சிரைக்க நின்றிருந்தாள். முன்னால் வருவது யாரென்று மங்கல் வெளிச்சத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"யாரும்மா அது முன்னாடி வர்றது?"

மூட்டை என்று சொல்லிவிடுவாளோ என்று அம்மா ஓரடி முன்னால் வைத்தாள், முந்தக் கூடாதென்று நின்றாள். குழந்தை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்கும் தன் முழுப்பெயரை, இனிஷியலோடு சொன்னாள்.

நாத்தனார் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு, அவளும் முந்தாமல், வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டாள். உச்சியில் பிஸ்கட்டைப் பிரித்து, உடைத்து, எல்லோருக்கும் கொடுத்தவள் சின்னவள்தான். படிக்கட்டெல்லாம் செம்மண்ணாகிறது என்று குடித்தனக்காரர்கள் முறையிட்டதால், கட்டிடச் சங்கத்தில் பேசி நான்காவது மாடிக்கு மேலே ஒரு கால்மிதி வாங்கிப் போட்டார்கள். லிப்ட் ஓடத் தொடங்கியது. நாத்தனார் இப்போதெல்லாம் பஸ்ஸில் வருவதில்லை. அந்த வழியாகவே இறங்கி வருகிறாள், கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு. "வாங்க அண்ணி" என்று கதவைத் திறக்கும்போது அவள் புடவை ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது மட்டும் அம்மாவுக்கு விடாத பழக்கமாக இருக்கிறது.