கடைசி ரீலில் விழுந்தவன்

இப்போதெல்லாம் கொலைப் படம் பார்க்க வருகிறவனுக்குக் கொலைகாரன் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே போனைத் தடவி, கதையின் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறான். அப்புறம் எதற்கு இருட்டில் போய் உட்காருகிறாய் என்று கேட்டால், "மேக்கிங் பாக்கணும் தாத்தா" என்கிறான். அது என்ன மேக்கிங்கோ. ஒருத்தன் சாகிறான் என்றால் பார்க்கிறவன் ஒரு நிமிஷமாவது பதற வேண்டாமா? கை தட்டுகிறான்கள்.

சந்தேகத்துக்கு இதெல்லாம் அடியோடு பிடிக்காது. சந்தேகம் என்பது கிழவரின் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. ஒரு காலத்தில் வந்த கொலைப் படங்களில் எல்லாம் பங்களா டிரைவர், தோட்டக்காரன், சமையல்காரன், கம்பவுண்டர் என்று ஏதாவது ஒன்றில் அவர் இருப்பார். தழும்போடு ஒரு புருவம் மேலே ஏறி நிற்கும். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பார். முதல் ரீலிலேயே தியேட்டர் மொத்தமும் "இவன்தாண்டா" என்று முடிவு கட்டிவிடும். கடைசியில் பார்த்தால் கொலை செய்தது சிரித்த முகத்து டாக்டராகவோ சொந்தச் சித்தப்பாவாகவோ இருக்கும். விலங்கை அவிழ்த்துவிட்டதும் இவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு ஓரமாகப் போய் நிற்பார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

பள்ளிக்கூடப் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். வசனத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே ஒப்பிப்பார். வெளியே எவனையும் நம்ப மாட்டார். மருந்துக் கடைக்காரன் மாத்திரையைக் கையில் கொடுத்தால் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போடுவார்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் அவர்தான் கொலைகாரன். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை.

அதைப் பற்றிப் பேசத்தான் சினிமா சங்கத்துக்காரன் ஒருவன் மாடிப்படி ஏறி வந்தான். தொலைந்த குழந்தை கிடைத்த மாதிரி அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஐயா, படம் கெடச்சிருச்சு!"

"எந்தப் படம்?"

"நீங்க மொட்டை மாடியிலேர்ந்து விழுவீங்களே, அந்தப் படம். ஒரு குடோன்ல டப்பா டப்பாவாக் கெடந்துச்சு. சுத்தம் பண்ணி எடுத்துட்டோம். ஞாயித்துக்கிழமை காலைல போடறோம். டைரக்டர் வர்றாரு. நீங்களும் அவசியம் வரணும்."

"அந்தாளு இன்னும் இருக்காரா?"

"இருக்காரு. சக்கர நாற்காலில."

"நான் விழல" என்றார் சந்தேகம்.

"என்னது ஐயா?"

"மாடியிலேர்ந்து விழுந்தது நான் இல்ல. என் தம்பி. விழுந்தான், செத்தான். போயிட்டு வா."

பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றுபோனது.

மெஷின் தம்பி மனைவியுடையது. தம்பி போன நாளிலிருந்து அவள் அந்தப் பின்னறையில்தான் இருக்கிறாள். குழந்தை இல்லை. சந்தேகத்தின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மிச்சம் இவர்கள் இருவர், அந்த மெஷின்.

தம்பி, அவருக்கு டூப். முகம் வேறு, முதுகு ஒன்று. அவர் கோட்டைப் போட்டு, அவர் முடி மாதிரி ஒரு விக்கையும் மாட்டிவிட்டால், பெற்ற தாயே பின்னாலிருந்து பேர் மாற்றிக் கூப்பிடுவாள். அவர் படியில் கால் வைப்பார், தம்பி உருளுவான். அவர் கதவைத் திறப்பார், தம்பி அடி வாங்குவான். அந்த விக் தம்பிக்குப் பெரிது. எங்கிருந்து விழுந்தாலும் வலது கை தானாக மண்டைக்குப் போய்விடும்.

"டேய், சாகப்போற கொலைகாரன் முடியையா புடிச்சுக்குவான்?" என்று திட்டுவார்.

"விக்கு பறந்துச்சுன்னா உன் மானமில்லண்ணே பறக்கும்" என்பான்.

இத்தனை படம் செய்தும் எந்தப் படத்திலும் அவன் முகம் கிடையாது. அவள் வைத்திருக்கும் கல்யாணப் போட்டோவிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்குச் சந்தேகம் மேக்கப் அறையில் ஒட்டுத் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு சத்தம் கேட்டது. பாதித் தாடியோடு ஓடிப்போய்ப் பார்த்தார். கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை விரித்திருந்தார்கள். தம்பி அதற்குப் பக்கத்துத் தரையில் கிடந்தான். பெட்டியின் மூலை கேமராவில் தெரிகிறது, கொஞ்சம் தள்ளு என்று டைரக்டர் சொன்னதாக லைட்டுக்காரன் ஒருவன் காதில் போட்டான். போலீஸ் வந்தபோது அப்படி ஒரு பேச்சையே தான் கேட்கவில்லை என்றான். கால் வழுக்கியது என்று முடித்தார்கள்.

டைரக்டர் வீடு தேடி வந்தார். தம்பி மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அந்த ஷாட்டை என் கையாலேயே கொளுத்திட்டேம்மா. படத்துல அது வராது. பொம்மையத் தள்ளிவிட்டு வேற எடுத்துக்கறேன்" என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். சந்தேகம் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடிகர்களுக்கு அழச் சொல்லிக்கொடுக்கும்போதும் அந்தாள் இதே மாதிரிதான் மூக்கை உறிஞ்சுவார்.

படம் வந்தது, கொஞ்ச நாள் ஓடியது, காணாமல் போனது. கடைசி ரீலில் விழுவது பொம்மையா, கூடப் பிறந்தவனா என்ற கேள்வி மட்டும் தீராமல் நின்றுவிட்டது.

சங்கத்துக்காரன் இறங்கிப் போன பிறகு அவள் கையில் அளவு டேப்போடு வந்து நின்றாள்.

"நான் போறேன் மாமா."

"எங்க?"

"படத்துக்கு."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"பொம்மையா இருந்தா பொம்மையப் பாத்துட்டு வரேன். அவரா இருந்தா அவரப் பாத்துட்டு வரேன். எனக்கு ரெண்டுல எது நஷ்டம்?"

"அங்க போனாத் தெரியும் நஷ்டம்."

"நீங்க வர வேணாம். எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"உன்னத் தனியா விட்டா அந்தாளு ஒரு மூச்சு அழுது உன்ன மயக்கிருவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் முதலில் நின்றது அவர்தான்.

அரங்கம் சின்னது. குளிர் எலும்பைத் தொட்டது. திரையில் தன் இளமை முகம் வந்தபோது யாரோ ஒரு அயோக்கியனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவர் தலை தெரியும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருத்தி தோழியின் காதில், "இதுதான்டி, இந்தாளுதான் கடைசில விழுவாரு" என்று ஓதிக்கொண்டே இருந்தாள். தம்பி மனைவி முன்னிருக்கையின் முதுகைப் பிடித்தபடி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முதுகுக்கும் அவள் தலை லேசாக நிமிரும், பிறகு தாழும்.

கடைசி ரீல் வந்தது. மழை. மொட்டை மாடி. டார்ச் வெளிச்சங்கள் படியேறி வருகின்றன. கொலைகாரன் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறான், முதுகு நமக்கு. அடுத்து கீழேயிருந்து ஒரு ஷாட். கோட்டு விரிய ஓர் ஆள் இறங்கி வருகிறான். தரை தெரிவதற்குள் வெட்டிவிட்டார்கள்.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். "ஒன்ஸ்மோர்!" என்று ஒருவன் கத்தினான். நாலு பேர் கூடக் கத்தினார்கள். இப்போதுதான் எல்லாம் பொத்தானில் இருக்கிறதே, மேலே இருந்து படம் ஓட்டியவன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓட்டினான். கோட்டுக்காரன் மறுபடி மாடிக்கு ஏறினான், மறுபடி விழுந்தான். "ஸ்லோவாப் போடு!" என்றது இன்னொரு குரல். மூன்றாவது தடவை மெதுவாக, தண்ணீருக்குள் அமிழ்கிறவன் போல விழுந்தான். அப்போதுதான் தெரிந்தது. பாதி வழியில் வலது கை மேலே எழும்பி மண்டைக்குப் போனது.

தம்பி மனைவியின் விரல்கள் அவர் முழங்கையில் பதிந்தன.

விளக்கு போட்டார்கள். டைரக்டரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பளிக்குள் பாதி ஆள்தான் இருந்தார். பின்வரிசைக்காரி மைக்கைப் பிடுங்கிக் கேட்டாள்: "சார், அந்த விழற சீன் எப்படி சார் எடுத்தீங்க? அது பொம்மையா, ஆளா?"

டைரக்டர் கொஞ்ச நேரம் சிரித்தார். "அத மட்டும் கேக்காதீங்க. ஒரு ரகசியமாவது என்னோட போகட்டும்."

அதற்கும் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில் டைரக்டரை நிறுத்தியிருந்தார்கள், வண்டி வருகிறவரைக்கும். சந்தேகம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"யாரு? சந்தேகமா? இன்னும் உசுரோட இருக்கியாப்பா!"

"உங்கள வழியனுப்பாம எப்படிப் போறது சார். அது என் தம்பியா?"

"பொம்மைப்பா. அன்னிக்கே சொன்னேனே."

"அப்ப மேடையில ஏன் சொல்லல?"

"பொம்மைன்னா படம் செத்துரும். நெசம்னா நான் செத்தேன். எதுக்குச் சொல்லணும்?"

"பொம்மை எதுக்கு சார் மண்டையப் புடிச்சுது?"

டைரக்டர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நூல் கட்டினேன். மணிக்கட்டுல கறுப்பு நூல். மாடிலேர்ந்து காஸ்ட்யூம்காரன் இழுத்தான். உன் தம்பி அப்படித்தானே விழுவான்? அவன் ஞாபகமா ஒண்ணு இருக்கட்டும்னு பண்ணேன்."

"காஸ்ட்யூம்காரன் எங்க?"

"போயிட்டான்."

"கேமராமேன்?"

"அவனும்தான். உனக்கும் எனக்கும் இனிமே சாட்சி யாருப்பா மிச்சம்?"

"பெட்டியத் தள்ளச் சொன்னீங்களா?"

"அதுக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டைரக்டர். மூக்கை உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் கட்டியது. சந்தேகம் தோளைப் பார்த்தார். அங்கே தோள் என்று ஒன்றும் இல்லை, கம்பளிதான் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ், "அவரப் பேச வைக்காதீங்க பெரியவரே" என்று நாற்காலியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனாள்.

தம்பி மனைவி வெளி வராந்தாவில் சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்தான், ஆனால் அவள் இப்படித் தலையை நிமிர்த்தி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"அவருதான் மாமா. விக்கைப் புடிச்சாரு பாத்தீங்களா?"

"பொம்மையாம். கையில நூல் கட்டி இழுத்தாங்களாம்." அவருக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

"யாரு சொன்னா?"

"அந்தாளுதான்."

"அந்தாளு பேச்ச நீங்க என்னிக்கு நம்பியிருக்கீங்க?"

"இப்பவும் நம்பல."

"அப்ப அவருதானே?"

"அதையும் நம்பல. வா, பஸ் வந்துரும்."

"மத்தியானம் இன்னொரு தரம் போடறாங்களாம். நான் இருந்து பாத்துட்டு வரேன்."

"கட்டினவன் சாவறத இன்னொரு தரம் பாக்கணுமா?"

"சாவறத யாரு பாத்தா? கை அசஞ்சுதே, அதப் பாக்கணும். கண்ண மூடிக்கிட்டிருக்கற போட்டோவையே எத்தன வருஷம் பாத்துக்கிட்டிருக்கறது?"

"அது அவன் கைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போங்க மாமா. நீங்க நம்பறதுக்காகவா அவரு விழுந்தாரு?"

சந்தேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் சங்கத்துக்காரன் ஓடிவந்து, "ஐயா, ஒரே ஒரு போட்டோ" என்றான். "உள்ள ஒருத்தி இருக்கா, அவளக் கேளு" என்று நடையை நிறுத்தாமல் சொன்னார்.

தெருவில் வெயில். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் இடது கையால் வலது சட்டைக் கையின் நுனியைப் பிடித்து, நூல் இழுக்கிற மாதிரி மேலே இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டுதான் முதலில் ஏறியது, விரல்கள் தொங்கின. பிறகு கையை விட்டுவிட்டு, விக் நழுவுகிற மாதிரி நினைத்துக்கொண்டு தானாகத் தூக்கினார். விரல்கள் முந்தின. திரையில் எது முந்தியது? நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மூன்று தடவை காட்டினார்கள், பாவிகள், மூன்று தடவையும் அவர் பார்த்தது கோட்டைத்தான்.

அரங்கத்துக்குத் திரும்பிப் போய் மத்தியானக் காட்சியில் பார்த்துவிடலாம். பார்த்தால் மட்டும்? சுத்தம் பண்ணினோம் என்றானே அந்தச் சங்கத்துக்காரன், எதையெதைச் சுத்தம் பண்ணினானோ யார் கண்டது.

பஸ் வந்தது. ஏறவில்லை. கையை இறக்கிக்கொண்டு, வீடு இருக்கிற திசையில் நடந்தே போனார்.